கறியை விட்டால் எந்தச் சைவம்? நான்கு வழிகளும் ஒரு தட்டுக் கணக்கும்

புரட்டாசி முடிந்த முதல் ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் வரிசை தெருமுனை வரை நிற்கும். "ஒரு மாசம் இருந்துட்டோம், இப்படியே விட்டுடலாமா?" என்ற யோசனை பலருக்கு அப்போதுதான் வருகிறது. சிலருக்குக் கொழுப்பு எகிறிய ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்து வரும். இன்னும் சிலருக்குக் கடையில் கோழி துடிப்பதைப் பார்த்து வரும். ஆனால் முடிவெடுக்க உட்கார்ந்தால் எதிரே இருப்பது "சைவமா, அசைவமா" என்ற இரண்டு வழி அல்ல. நான்கு வழிகள்:

- பால் சைவம்: கறி, மீன், முட்டை இல்லை, பால், தயிர், நெய் உண்டு.
- முட்டை சேர்ந்த சைவம்: மேற்சொன்னதோடு முட்டையும்.
- நனிசைவம் (வீகன்): பால், தேன் உட்பட விலங்கிலிருந்து வரும் எதுவும் இல்லை.
- நாள் குறித்த சைவம்: வாரத்தில் ஐந்து நாள் சைவம், இரண்டு நாள் மீனோ கறியோ.

கறியை நிறுத்துவது சிரமமே இல்லை. கறி இருந்த இடத்தில் தட்டில் என்ன வருகிறது என்பதில்தான் நான்கு வழிகளும் தேறுகின்றன, அல்லது சறுக்குகின்றன. அந்த இடத்தில் இன்னொரு கரண்டி சோறு வந்து உட்கார்ந்தால் எந்த வழியை எடுத்தாலும் நஷ்டம்தான்.

## எதை வைத்து அளப்பது

முதல் அளவுகோல், காரணம். உடம்புக்காகவா, உயிருக்காகவா, பூமிக்காகவா? மூன்றுக்கும் ஒரே விடை கிடையாது.

உடம்பு என்றால்: இங்கிலாந்தில் ஏறக்குறைய 48,000 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2019இல் வெளியான ஆக்ஸ்போர்டு ஆய்வில், சைவ உணவுக்காரர்களுக்கு மாரடைப்பு வகை இதய நோய் 22 சதவீதம் குறைவு, பக்கவாதம் 20 சதவீதம் கூடுதல். தலைக்கணக்கில் சொன்னால், பத்து ஆண்டில் ஆயிரம் பேருக்கு இதய நோயில் 10 பேர் குறைவு, பக்கவாதத்தில் 3 பேர் கூடுதல். மொத்தத்தில் லாபம்தான், ஆனால் இலவச லாபம் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்னும் முதல் பிரிவில் சேர்த்தது. அது சாசேஜ், சலாமி, பேக்கன் தினமும் தின்கிற ஊர்களுக்குப் பெரிய செய்தி. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆட்டுக்கறி எடுக்கிற வீட்டை அதைச் சொல்லி மிரட்டத் தேவையில்லை.

உயிர் என்றால்: பாலும் முட்டையும் சாவு கலக்காதவை அல்ல. பால் வற்றிய மாடும், பயன்படாத காளைக் கன்றும் பெரும்பாலும் அடிமாட்டு வண்டிக்குத்தான் போகின்றன. முட்டைக்கான கோழிக் குஞ்சு பொரிப்பகங்களில் சேவல் குஞ்சுகளைப் பிறந்த அன்றே கழிக்கிறார்கள். 1867இல் வடலூரில் தருமச்சாலை தொடங்கிய வள்ளலாரின் ஜீவகாருண்ய வழியில் நிற்பவர்களுக்கு முட்டை ஒரு கேள்வியே இல்லை. பால்தான் இன்றைக்குக் கடினமான கேள்வி.

பூமி என்றால்: உலகில் மனிதச் செயல்களால் வெளியாகும் பசுங்குடில் வாயுக்களில் கால்நடை வளர்ப்பின் பங்கு 14.5 சதவீதம் என்று 2013இல் ஐ.நா.வின் உணவு வேளாண்மை நிறுவனம் கணக்கிட்டது. அதில் பெரும்பகுதி அசைபோடும் மாடுகளுடையது. ஒரு கிலோ பனீருக்கு ஐந்தாறு லிட்டர் பால் வேண்டும். கோழியை விட்டுப் பனீருக்கு மாறுகிறவர் பூமிக்கு நன்மை செய்ததாக நினைத்தால் அது கணக்குப் பிழை.

மற்ற அளவுகோல்கள்: புரதம், பி12 வைட்டமின், இரும்பு, சுண்ணாம்புச் சத்து (கால்சியம்), ஒமேகா-3 கொழுப்பு, பிறகு காசு, பிறகு எல்லோரும் மறந்துவிடுகிற ஒன்று: அடுப்படியில் யாருக்கு எவ்வளவு கூடுதல் வேலை.

## சாம்பார் கணக்கு

நான்கு வழிக்கும் பொதுவான ஓட்டை இது என்பதால் இங்கே கொஞ்சம் நின்று பார்க்கலாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2020 பரிந்துரைப்படி உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் தேவை. சோறும் பருப்புமாகவே சாப்பிட்டால் அந்தப் புரதம் தரத்திலும் செரிமானத்திலும் சற்றுக் குறைவு. எனவே கிலோவுக்கு ஒரு கிராம் என்று வைத்துக்கொள்வது நல்லது. 60 கிலோ எடைக்காரருக்கு 60 கிராம்.

இனி ஒரு நாள் சாப்பாடு. நாலு பேர் வீட்டில் சாம்பாருக்கு ஓர் ஆழாக்குக்கும் குறைவாக, 100 கிராம் துவரம்பருப்பு போடுவார்கள். தலைக்கு 25 கிராம் பருப்பு, அதாவது 5.5 கிராம் புரதம். இட்லி, தோசை, சோறு எல்லாம் சேர்த்து 300 கிராம் அரிசி என்றால் 21. மாவில் இருக்கும் உளுந்து 30 கிராம் என்றால் 7. காபி, டீக்கு 200 மில்லி பால் 6. ஒரு கிண்ணம் தயிர் நாலரை. காய்கறி 3. கூட்டினால் 47. "தினமும் சாம்பார் சாப்பிடுறோமே" என்ற நிம்மதியில் இருக்கிற வீட்டில் 13 கிராம் இடிக்கிறது.

இந்த 13ஐ அடைக்க 40 கிராம் கொண்டைக்கடலைச் சுண்டல் (8 கிராம்), 25 கிராம் வேர்க்கடலை (6 கிராம்) போதும். மாலை நாலு மணிக்குப் பஜ்ஜியும் முறுக்கும் இருக்கும் இடத்தில் இதை வைத்தால் தீர்ந்தது. பாலையும் தயிரையும் கழித்துப் பார்த்தால் நனிசைவக்காரரின் பள்ளம் 24 கிராமாகிறது. அதற்குச் சுண்டலோடு 30 கிராம் மீல் மேக்கரும் (சோயா உருண்டை) வேண்டும்.

காசு எப்படி? கிலோ விலையைப் பார்க்காமல் 10 கிராம் புரதத்துக்கு என்ன விலை என்று பாருங்கள். கீழே உள்ள விலைகள் கணக்குக்காக வைத்துக்கொண்டவை. உங்கள் ஊர் விலையைப் போட்டு வகுத்துக்கொள்ளலாம்.

| பொருள் | அதிலுள்ள புரதம் | வைத்துக்கொண்ட விலை | 10 கிராம் புரதம் |
|---|---|---|---|
| மீல் மேக்கர் 1 கிலோ | 520 கிராம் | ரூ.160 | ரூ.3 |
| வேர்க்கடலை 1 கிலோ | 250 கிராம் | ரூ.140 | ரூ.6 |
| கொண்டைக்கடலை 1 கிலோ | 190 கிராம் | ரூ.110 | ரூ.6 |
| துவரம்பருப்பு 1 கிலோ | 220 கிராம் | ரூ.150 | ரூ.7 |
| முட்டை 30 | 180 கிராம் | ரூ.180 | ரூ.10 |
| பால் 1 லிட்டர் | 32 கிராம் | ரூ.56 | ரூ.18 |
| கோழி 1 கிலோ, எலும்போடு | சுமார் 135 கிராம் | ரூ.240 | ரூ.18 |
| பனீர் 1 கிலோ | 180 கிராம் | ரூ.420 | ரூ.23 |

சைவம் மலிவு என்பது பயறு தின்கிற சைவத்துக்கு மட்டும் உண்மை. பனீர் பட்டர் மசாலா தின்கிற சைவத்துக்கு அல்ல.

## பால் சைவம்

ஊருக்குப் பழகியது. எந்த ஹோட்டலிலும், எந்தக் கல்யாணத்திலும் விளக்கம் சொல்லாமல் சாப்பிடலாம். உணவுப் பொட்டலத்தில் பச்சைப் புள்ளி இருந்தால் போதும். சுண்ணாம்புச் சத்துக்குக் கவலை குறைவு; பால் ஒத்துக்கொள்ளாத வயிற்றுக்குத் தயிரும் மோரும் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும்.

ஏமாற்றுவது பி12. இந்தச் சத்து செடிகொடிகளில் கிடையாது. பெரியவர்களுக்கு நாளைக்கு 2 மைக்ரோகிராமுக்குச் சற்று மேல் வேண்டும். 100 மில்லி பாலில் 0.3 முதல் 0.5 வரைதான் இருக்கும். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை என்று பொங்கப் பொங்கக் காய்ச்சும்போது அதிலும் ஒரு பங்கு போகும். அரை லிட்டர் பாலும் தயிரும் தினம் சேர்க்கிறவர் ஓரளவு தப்பிப்பார். இரண்டு டம்ளர் டீயில் கலக்கிற பாலை நம்பி இருக்கிறவருக்குப் போதாது. இட்லி மாவு புளிப்பதால் பி12 வரும் என்று சொல்வதையும், ஸ்பைருலினா என்ற பாசிப் பொடியில் இருக்கிறது என்று விற்பதையும் நம்ப வேண்டாம். ஸ்பைருலினாவில் இருப்பதில் பெரும்பகுதி உடம்புக்குப் பயன்படாத போலி வடிவம்.

இன்னொரு மறைவான செலவு, கொழுப்பும் இனிப்பும். கறி நின்ற வீட்டில் ருசிக்காக நெய், பாலாடைக்கட்டி, பூரி, அப்பளம் கூடும். கொழுப்புக் குறையட்டும் என்று கறியை விட்டவர் ஆறு மாதம் கழித்து அதே எண்ணைப் பார்ப்பது இதனால்தான்.

யாருக்குப் பொருந்தும்: மத வழக்கம், குடும்ப வழக்கம் காரணமாக மாறுகிறவர்கள்; அடிக்கடி வெளியூர் போகிறவர்கள்; வீட்டில் எல்லோரும் சேர்ந்து மாறுகிறவர்கள்.

## முட்டை சேர்ந்த சைவம்

சத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் சைவங்களில் இதுவே முதலிடம். ஒரு முட்டை 6 கிராம் முதல்தரப் புரதமும் ஏறக்குறைய அரை மைக்ரோகிராம் பி12உம் தரும். பத்து நிமிட வேலை, ஊற வைப்பது இல்லை, குக்கர் இல்லை. வளர்கிற பிள்ளைக்கும், பல் போன பாட்டிக்கும் இதைவிட எளிய வழி கிடையாது. சத்துணவில் முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம் தருகிறார்கள். பழத்தில் இருப்பது ஒரு கிராம் புரதம். பள்ளியில் பழம் வாங்கும் பிள்ளைக்கு வீட்டில் சுண்டலோ கடலையோ கூடுதலாகக் கொடுக்க வேண்டும் என்பதை யாரும் சொல்வதில்லை.

வெள்ளைக்கருவை மட்டும் தின்று மஞ்சளைக் கழித்தால் பி12இல் பெரும்பகுதியைக் குப்பையில் போடுகிறோம். பச்சையாகக் குடிப்பதும் வேண்டாம். வேகாத வெள்ளைக்கருவில் உள்ள அவிடின் என்ற புரதம், பயோட்டின் என்ற வைட்டமினை உறிஞ்ச விடாது.

சிக்கல் சத்தில் இல்லை, வீட்டில் இருக்கிறது. "முட்டை தின்னா அது என்ன சைவம்?" என்று மாமியார் கேட்பார். சட்டமும் அவர் பக்கம்தான்: முட்டை சேர்ந்த கேக்குக்குப் பழுப்புக் குறிதான் போட வேண்டும். கூண்டில் அடைத்த கோழி மனதை உறுத்துகிறது என்றால் நாட்டுக்கோழி வளர்க்கிற வீட்டில் வாங்கலாம். விலை இரண்டு மடங்குக்கு மேல் ஆகும்.

யாருக்குப் பொருந்தும்: உடம்புக்காக மாறுகிறவர்கள், விடுதியிலோ தனியறையிலோ தங்கிச் சமைப்பவர்கள், குழந்தைகள் உள்ள வீடு.

## நனிசைவம்

உயிருக்காக விடுகிறேன் என்பவருக்கு நேர்மையான முடிவு இது ஒன்றுதான். கெட்ட கொழுப்பும் நான்கு வழிகளில் இதில்தான் அதிகம் இறங்கும். நம் அடுப்படியில் பாதி ஏற்கெனவே நனிசைவம்தான்: இட்லி, சாம்பார், ரசம், புளிக்குழம்பு, சுண்டல், பொரியல். போவது தயிர்ச்சோறும் ஃபில்டர் காபியும். இரண்டும் சின்ன இழப்பு என்று வெளியூர்க்காரர்தான் சொல்வார்.

காபிக்குச் சோயா பால் ஊற்றினால் திரியும். காபியின் புளிப்பும் சூடும் சோயாப் புரதத்தைக் கட்டியாக்குகின்றன. டிகாக்‌ஷனைச் சற்று ஆறவிட்டு, வெதுவெதுப்பான சோயா பாலில் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும். ஓட்ஸ் பால் இவ்வளவு படுத்தாது, ஆனால் புரதம் குறைவு. தேங்காய்ப்பாலில் புரதம் பேருக்குத்தான், நிறைகொழுப்பு நிறைய. தயிருக்கு வேர்க்கடலைப் பாலை உறை ஊற்றலாம்: ஊறவைத்து அரைத்து வடிகட்டி, கொதிக்க வைத்து, கை பொறுக்கும் சூட்டில் பச்சைமிளகாய்க் காம்புகள் நாலைந்து போட்டு இரவு முழுக்க வைக்க வேண்டும். முதல் தடவை சரியாக உறையாது. அதில் ஒரு கரண்டி எடுத்து அடுத்ததற்கு உறை ஊற்றினால் கெட்டிப்படும்.

சுண்ணாம்புச் சத்துக்குக் கேழ்வரகு (100 கிராமில் சுமார் 350 மி.கி.), எள், அகத்திக்கீரை, முருங்கைக்கீரை. பசலைக்கீரையை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அதிலுள்ள ஆக்சலேட் சுண்ணாம்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதே ஆக்ஸ்போர்டு ஆய்வில் நனிசைவக்காரர்களுக்கு எலும்பு முறிவு கூடுதலாக இருந்ததை 2020இல் வெளியிட்டார்கள். எனவே இது சும்மா சொல்வதில்லை.

பி12 மாத்திரை இங்கே விருப்பம் அல்ல, கட்டாயம். வாரத்துக்கு 2,000 மைக்ரோகிராம் அல்லது தினமும் சிறிய அளவு என்பது வழக்கம். கல்லீரலில் சேமிப்பு இருப்பதால் மாறிய இரண்டு மூன்று ஆண்டு ஒன்றும் தெரியாது; "நான் மாத்திரையே போடுறதில்ல, நல்லாத்தான் இருக்கேன்" என்பவர்கள் இந்தச் சேமிப்பைச் செலவழித்துக்கொண்டிருப்பவர்கள். மாத்திரையிலும் ஒரு குழி: பல கேப்சூல்களின் உறை விலங்குத் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டின், வைட்டமின் டி3 பெரும்பாலும் ஆட்டு ரோமக் கொழுப்பிலிருந்து வருகிறது. அட்டையைப் படித்து வாங்க வேண்டும்.

வெளியே சாப்பிடும்போது பொங்கல், கேசரி, நெய்த்தோசை இல்லை. பரோட்டா மாவில் பாலோ முட்டையோ சேர்க்கிற கடைகள் உண்டு. இலங்கையில் என்றால் பால் சைவக்காரரும் சேர்த்துக் கேட்டுக்கொள்ள வேண்டும்: தேங்காய்ச் சம்பலிலும் சீனிச் சம்பலிலும் மாசிக் கருவாடு கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும்.

யாருக்குப் பொருந்தும்: காரணத்தில் உறுதியானவர், சமைக்கத் தெரிந்தவர், மாத்திரையை மறக்காதவர். மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் ஓராண்டு தாண்டுவது கடினம்.

## நாள் குறித்த சைவம்

இதைச் சைவம் என்றே ஒத்துக்கொள்ளாதவர்கள் உண்டு. ஆனால் தினம் கறியோ மீனோ வேண்டும் என்று இருக்கிற வீடு வாரம் இரண்டு நாளாகக் குறைத்தால், கறி ஏற்கெனவே வாரம் ஒரு நாள் மட்டும் எடுக்கிற வீடு முழுச் சைவமாவதைவிடக் குறைவது அதிகம்.

அந்த இரண்டு நாளில் என்ன தின்கிறோம் என்பது முக்கியம். மத்தி, அயிலை போன்ற சின்ன மீன் என்றால் ஒமேகா-3, பி12 இரண்டும் நேராகக் கிடைக்கும். ஆளிவிதையிலும் வால்நட்டிலும் இருக்கும் ஒமேகா-3இல் சிறு பங்கைத்தான் உடம்பு மீனில் உள்ள வடிவத்துக்கு மாற்றுகிறது. கடலோர வீடுகளில் அசைவம் என்றாலே மீன்தான். அவர்கள் மீனை விடும்போது இழப்பதும் அதிகம். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். மீன் விலை ஏறும் அந்த 61 நாளைப் பயறு பழகும் காலமாக வைத்துக்கொள்ளலாம்.

இதன் பலவீனம், நாள் நழுவுவது. இரண்டு நாள் மூன்றாகும், நண்பர் பிரியாணியோடு நான்காகும். செவ்வாய், வெள்ளி, சனி என்று ஏற்கெனவே வீட்டில் வழக்கமுள்ள நாள்களின் மேல் கட்டினால்தான் நிற்கும்.

## ஒரே பார்வையில்

| | பால் சைவம் | முட்டையோடு | நனிசைவம் | நாள் குறித்தது |
|---|---|---|---|---|
| புரதம் | பயறு கூட்டினால் போதும் | எளிது | திட்டம் வேண்டும் | எளிது |
| பி12 | விளிம்பில் | ஓரளவு | மாத்திரை கட்டாயம் | போதும் |
| சுண்ணாம்பு | போதும் | போதும் | கவனம் வேண்டும் | போதும் |
| அடுப்படி வேலை | நடுத்தரம் | குறைவு | அதிகம் | குறைவு |
| வெளிச்சாப்பாடு | சுலபம் | சுலபம் | கடினம் | சுலபம் |
| உயிர்க் கொலை | மறைமுகமாக உண்டு | மறைமுகமாக உண்டு | மிகக் குறைவு | உண்டு |

## அடுப்படியில் சறுக்கும் இடங்கள்

வீட்டில் ஒருவர் மட்டும் சைவமானால் கூடுதல் வேலை பெரும்பாலும் அந்த ஒருவர் தலையில் விழுவதில்லை. இரண்டு குழம்பு வைக்கிற அம்மாவோ மனைவியோதான் சுமக்கிறார். வெங்காயம், தக்காளி, மசாலா வதக்கிப் புளி கரைத்து ஊற்றிய குழம்பை ஒன்றாகக் கொதிக்க வைத்துப் பாதியை வேறு சட்டிக்கு மாற்றினால் பிரச்சினை பாதி குறையும். ஒன்றில் கருவாடு, மற்றதில் வேகவைத்த மொச்சையும் கத்தரிக்காயும். கரண்டி மட்டும் தனி.

பயறு வேகவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் போர் தண்ணீரின் கடினத்தன்மை அல்லது சீக்கிரம் ஊற்றிய புளி. புளிப்பும் சுண்ணாம்பும் தோலை இறுக்கிவிடும். குடிதண்ணீரில் வேகவைத்து, மலர்ந்த பிறகு புளி சேர்க்க வேண்டும். சோடா உப்பு போட்டால் குழையும், பி1 வைட்டமின் போய்விடும். ராஜ்மாவை மட்டும் அரைவேக்காட்டில் தொடாதீர்கள். இரவு ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் தளதளவென்று கொதிக்க வேகவைக்காவிட்டால் அதிலுள்ள லெக்டின் என்ற நச்சுப் புரதம் வாந்தியில் கொண்டுவிடும்.

வயிறு உப்புகிறது என்று மூன்றாம் நாளே கைவிடுகிறவர்கள் அதிகம். முதல் வாரம் முளைகட்டிய பாசிப்பயறு ஒரு கைப்பிடியில் தொடங்கி மூன்று வாரத்தில் அளவைக் கூட்டினால் குடல் பழகிவிடும். மீல் மேக்கரைக் கொதிக்கிற உப்புத் தண்ணீரில் பத்து நிமிடம் போட்டு, பச்சைத் தண்ணீரில் இரண்டு மூன்று தடவை அழுத்திப் பிழிந்தால் வாடை போகும்.

இரும்புச் சத்துக்குப் பெண்களுக்கு 29 மி.கி., ஆண்களுக்கு 19 மி.கி. என்பது பரிந்துரை. செடியிலிருந்து வரும் இரும்பில் சிறு பங்குதான் ஒட்டும். சாப்பிட்ட கையோடு காபி குடித்தால் அதிலும் பாதி போகும். காபியை ஒரு மணி நேரம் தள்ளிவையுங்கள். சுண்டலில் எலுமிச்சை பிழிவது ருசிக்கு மட்டுமல்ல, இரும்பு ஏறவும் அதுதான் வழி.

## யார் அவசரப்படக் கூடாது

கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரிடம் பேசாமல் மாற வேண்டாம். பி12 குறைந்த தாயின் பாலை மட்டும் குடித்து வளரும் குழந்தைக்குக் கைகால் நடுக்கமும் வளர்ச்சிப் பின்னடைவும் வருவதை இந்தியக் குழந்தை மருத்துவர்கள் நெடுங்காலமாகப் பார்த்து வருகிறார்கள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மினோ, நெஞ்செரிச்சலுக்குப் பான்டோபிரசோலோ நெடுநாள் எடுக்கிறவர்களுக்குப் பி12 உறிஞ்சப்படுவதே குறையும். அவர்கள் பால் சைவத்துக்குப் போனாலும் பரிசோதனை தேவை.

மாறும் முன்பு ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (இரும்புச் சேமிப்பின் அளவு), பி12, வைட்டமின் டி நான்கையும் பார்த்துக் குறித்து வையுங்கள். ஆறு மாதம் கழித்து மறுபடி. பி12 ஒரு மில்லிலிட்டருக்கு 200 பிக்கோகிராமுக்குக் கீழே என்றால் குறைபாடு. 200 முதல் 300 வரை சந்தேகம். கீரையும் பயறும் ஃபோலிக் அமிலம் நிறையத் தருவதால் ரத்தசோகை வெளியே தெரியாமல் நரம்பு மட்டும் கெட்டுக்கொண்டே போகலாம். எனவே ஹீமோகுளோபின் நன்றாக இருக்கிறது என்று விட்டுவிடக் கூடாது. பாதத்தில் எறும்பு ஊர்வது போல, மரத்துப்போவது போல இருந்தால் அடுத்த பரிசோதனைத் தேதிக்குக் காத்திருக்காமல் அந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள்.